சப்ளையரின் மீட்டரில் ஓடும் கார்பன்: தொழில்நுட்ப விநியோகச் சங்கிலியில் உமிழ்வையும் மின்செலவையும் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஸ்மார்ட்ஃபோன் தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி, வாங்கியவர் அதை முதல் முறை சார்ஜில் போடுவதற்கு முன்பே காற்றில் கலந்துவிடுகிறது. சிப் ஆலை, திரை தயாரிக்கும் ஆலை, அலுமினியம் உருக்கும் ஆலை, சர்க்யூட் போர்டு ஆலை, கடைசியில் விமானச் சரக்கு என்று வழி நெடுக அது சேர்ந்துகொண்டே வருகிறது. பெட்டியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, அந்த நிறுவனத்தின் சொந்தக் கட்டடங்களில் எரியும் மின்சாரம் இந்தக் கணக்கில் ஒரு மூலையில்தான் இருக்கும்.

அதனால் பலரும் செய்வது, சப்ளையர்களுக்கு ஒரு நீண்ட கேள்விப் படிவம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. பதில் வரும், எண்களும் வரும். உமிழ்வு மட்டும் குறையாது. காரணம் எளிது. சப்ளையர் எந்தப் பொருளில், எவ்வளவு அவசரத்தில், எந்தத் தரவரம்புக்குள் தயாரிக்க வேண்டும் என்பதை வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டர்தான் முடிவு செய்கிறது. புதிய இயந்திரத்தில் பணம் போடும் தைரியம் அவருக்கு வருமா என்பதும் அந்த ஆர்டரைப் பொறுத்ததுதான். சப்ளையரின் கார்பனில் கணிசமான பகுதியை எழுதிக்கொடுத்தது நாம்தான் என்று ஏற்றுக்கொண்டால், வேலையை எங்கே தொடங்குவது என்பது தெளிவாகிவிடும். இந்த வழிகாட்டி அந்தக் கோணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கொள்முதல், பொறியியல், நிதிப் பிரிவுகளில் இருப்பவர்கள் சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஏற்றது.

படி 1: உமிழ்வு எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள்

கணக்குப் போடும் முறைக்கு உலகம் முழுவதும் அடிப்படையாக இருப்பது ஜிஹெச்ஜி புரோட்டோகால், அதாவது பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிடும் நெறிமுறை. உலக வளங்கள் நிறுவனமும் நிலையான வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் சேர்ந்து 2001இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டன. உமிழ்வை இது மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. ஸ்கோப் 1 என்பது உங்கள் இடத்திலேயே எரிவதும் கசிவதும். ஸ்கோப் 2 என்பது நீங்கள் வாங்கும் மின்சாரம், நீராவி முதலியவற்றுக்குப் பின்னால் இருப்பது. மற்ற எல்லாமே ஸ்கோப் 3. அதற்கான தனித் தரநிலை 2011இல் வந்தது, அதில் 15 பிரிவுகள் இருக்கின்றன.

15 பிரிவுகளையும் ஒரே ஆழத்தில் கணக்கிட வேண்டாம். தொழில்நுட்பப் பொருட்களில் பெரும்பாலும் கனமாக நிற்பவை வாங்கிய பொருட்கள், சரக்குப் போக்குவரத்து, விற்ற பொருளின் பயன்பாடு ஆகிய மூன்றும்தான். இவற்றிலும் எது முதலில் வரும் என்பது பொருளைப் பொறுத்தது. ஃபோன், டேப்லெட், லேப்டாப் போன்றவற்றில் தயாரிப்புக் கட்டம் முந்தும். இரவு பகலாக ஓடும் சர்வரிலும் நெட்வொர்க் கருவியிலும் பயன்பாட்டு மின்சாரம் முந்தும். ஆனால் சர்வர் ஓடுவது தூய மின்சாரத்தில் என்றால் அங்கேயும் தயாரிப்புக் கட்டமே பெரிதாகிவிடும். உங்கள் பொருள் எந்த ரகம் என்று தெரியாமல் திட்டம் போட்டால், சின்னப் பகுதியில் பெரிய முயற்சி கரைந்துபோகும்.

முதல் சுற்றுக்குச் செலவுக் கணக்கே போதும். எந்த வகைப் பொருளுக்கு எவ்வளவு பணம் போனது என்று எடுத்து, அந்தத் துறையின் சராசரி உமிழ்வு விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். கரடுமுரடான கணக்குதான். என்றாலும் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

படி 2: பணக் கணக்கிலிருந்து மீட்டர் கணக்குக்கு மாறுங்கள்

செலவுக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்த முறையில் சப்ளையரிடம் பேரம் பேசி விலையை 10% குறைத்தால் காகிதத்தில் உமிழ்வும் 10% குறைந்துவிடும். ஆலையில் ஒரு பல்பு கூட அணைந்திருக்காது. மாறாக, தூய மின்சாரத்தில் தயாரித்த பாகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தால் உமிழ்வு ஏறியதாகக் கணக்கு சொல்லும். நல்லது செய்தவருக்குத் தண்டனை தரும் கணக்கை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது.

பட்டியலில் முதலில் நிற்கும் சப்ளையர்களிடம் நேரடித் தரவு கேளுங்கள். படிவம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கடந்த 12 மாத மின் பில், எரிபொருள் பில், குளிர்பதன வாயுவும் தயாரிப்பில் பயன்படும் செயல்முறை வாயுவும் வாங்கிய கணக்கு, அந்த ஆலையின் மொத்த உற்பத்தி, அதில் உங்களுக்காக ஆன பங்கு. இந்த ஐந்தும் கிடைத்தால் ஒரு பாகத்துக்கு எவ்வளவு உமிழ்வு என்பதை நீங்களே போட்டுவிடலாம். பொருள்வாரியாகக் கணக்கிட ஐஎஸ்ஓ 14067 என்ற தரநிலை இருக்கிறது. நிறுவனங்கள் இந்தத் தரவைப் பரிமாறிக்கொள்ள ஒரே மாதிரியான வடிவத்தை பேக்ட் என்ற கூட்டு முயற்சி உருவாக்கியிருக்கிறது. பத்து வாடிக்கையாளர்கள் பத்து விதமான படிவங்களை நீட்டும்போது திணறும் சிறு சப்ளையருக்கு இது பெரிய நிம்மதி.

உங்கள் பங்கைப் பிரிக்கும் விதத்தை ஒரு முறை பேசி முடிவு செய்து எழுதி வையுங்கள். எடையின்படி பிரிக்கிறீர்களா, எண்ணிக்கையின்படியா, இயந்திரம் ஓடிய நேரத்தின்படியா? சர்க்யூட் போர்டுக்குப் பரப்பளவும் அடுக்குகளின் எண்ணிக்கையும் பொருத்தமாக இருக்கும். சிப்புக்கு வேஃபர் (சிப்புகள் உருவாகும் மெல்லிய சிலிக்கான் தகடு) பரப்பும் செயல்முறைப் படிகளின் எண்ணிக்கையும் சரிவரும். எந்த முறையானாலும் ஆண்டுக்கு ஆண்டு அதை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

படி 3: ஆலைக்குள் வீணாகும் மின்சாரத்தைப் பிடியுங்கள்

இந்தப் படியில் கார்பனும் குறையும், பில்லும் குறையும். அதனால்தான் சூரிய மின்சாரம், சான்றிதழ் எல்லாவற்றையும் விட இதை முன்னால் வைக்கிறேன். சப்ளையரிடம் முதல் பேச்சை இங்கே தொடங்கினால் அவரும் ஆர்வத்தோடு உட்காருவார். அவருடைய பணம் மிச்சமாகும் விஷயம் இது.

பெரும்பாலான ஆலைகளில் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தக் காற்று. பாகங்களை எடுத்து வைக்கும் இயந்திரங்கள், வால்வுகள், தூசி ஊதும் முனைகள் என்று எல்லாமே கம்ப்ரசரை நம்பி ஓடுகின்றன. பராமரிப்பு சரியில்லாத அமைப்பில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30% வரை கசிந்தே போய்விடும். ஒரு கணக்கைப் பாருங்கள். 100 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் கம்ப்ரசர் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 8 லட்சம் யூனிட். அதில் கால்வாசி கசிந்தால் 2 லட்சம் யூனிட் வீண். ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் மின்கட்டமைப்பில் அது 100 டன். இத்தனைக்கும் காரணம் நைந்த ஹோஸ், தளர்ந்த கனெக்டர், வேலை முடிந்தும் மூடாத வால்வு.

சரி செய்வது எப்படி? உற்பத்தி நிற்கும் நாளில் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, அது எவ்வளவு நேரம் சுமையில் ஓடுகிறது என்று பாருங்கள். யாருமே காற்றைப் பயன்படுத்தாத நேரத்தில் அது எடுக்கும் மின்சாரம் அத்தனையும் கசிவுக்குத்தான் போகிறது. அப்புறம் மீயொலிக் கருவியால் குழாய்களில் கசியும் இடங்களைத் தேடி, ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி, சரி செய்ததும் அந்த அட்டையைக் கழற்றுங்கள். இதை ஒரு முறை செய்துவிட்டு விட்டால் சில மாதங்களில் பழைய நிலை திரும்பும். மாதாந்திர மெயின்டனன்ஸ் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்த்துவிட வேண்டும். அடுத்து அழுத்தம். யாரோ எப்போதோ கூட்டி வைத்த அழுத்தத்திலேயே பல ஆலைகள் ஓடுகின்றன. ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) குறைத்தால் கம்ப்ரசர் எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 7% மிச்சமாகும். படிப்படியாகக் குறைத்து, எந்த இயந்திரம் முதலில் முரண்டு பிடிக்கிறதோ அங்கே ஒரு சின்னக் காற்றுத்தொட்டி வைத்தால் போதும், ஆலை முழுவதற்கும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அந்த வெப்பத்தைக் கழுவும் தண்ணீரைச் சூடாக்கப் பயன்படுத்தினால் பாய்லருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

இரண்டாவது, விசிறியும் பம்பும். இவற்றின் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றும். வேகத்தை 80%க்குக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வால்வையோ தடுப்பையோ பாதி மூடி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆலைகளில் வேகம் மாற்றும் டிரைவ் பொருத்துவதுதான் பெரும்பாலும் மிகச் சீக்கிரம் முதலைத் திருப்பித் தரும் வேலை. இதன் பலன் அதிகம் தெரியும் இடம், தூசித்துகள் சேராமல் காற்றை வடிகட்டி வைத்திருக்கும் கிளீன்ரூம். அங்கே காற்றை இரவு பகலாகச் சுழற்றும் விசிறிகளின் வேகம், கட்டிய நாளில் பாதுகாப்புக்காகக் கூடுதலாக வைத்ததாகவே இருக்கும். துகள் எண்ணிக்கையைத் தொடர்ந்து அளந்துகொண்டே காற்று மாற்றத்தைக் குறைக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் இன்னும் குறைக்கலாம். கிளீன்ரூமில் மின்சாரம் சேமிப்பதற்கென்றே 2019இல் ஐஎஸ்ஓ 14644 தொகுப்பில் 16ஆம் பகுதி வெளியானது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு தயங்கினால் அதைக் காட்டிப் பேசுங்கள்.

இதில் வாங்குபவருக்கு நேரடிப் பொறுப்பு உண்டு. பாகம் தயாராகும் அறையின் தூய்மை வகுப்பு, வெப்பநிலை, ஈரப்பத வரம்பு ஆகியவை பெரும்பாலும் வாடிக்கையாளரின் தரவரையறையில் இருக்கும். பல தலைமுறைக்கு முந்தைய பொருளுக்காக எழுதிய வரம்பு அப்படியே நகலாகி வந்துகொண்டிருக்கும். அதைத் தளர்த்த உங்கள் பொறியாளரின் ஒரு கையெழுத்து போதும். சப்ளையர் தானாக அதைத் தொட மாட்டார், தொடவும் முடியாது.

மூன்றாவது, ஆலைக்கு வேண்டிய குளிர்நீரைத் தயாரிக்கும் சில்லர். குளிர்நீர் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சில்லரின் மின்தேவை 2 முதல் 3% குறையும். ஈரப்பதத்தை எடுக்க மட்டும்தான் மிகக் குளிர்ந்த நீர் வேண்டும், இயந்திரங்களைக் குளிர்விக்க அவ்வளவு தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே நீரை அனுப்பாமல், 6, 7 டிகிரியில் ஒரு சுற்றும் 13 டிகிரிக்கு மேல் இன்னொரு சுற்றும் என்று பிரித்தால், பெரிய சுமை திறமையான சுற்றுக்கு மாறிவிடும். புதிய ஆலை கட்டும்போதே இதைச் செய்வது எளிது. ஓடும் ஆலையில் குழாய் மாற்றுவது தலைவலிதான், என்றாலும் சில்லர் மாற்ற வேண்டிய வயது வரும்போது இந்தப் பேச்சை எடுக்கலாம்.

எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கே உரிய இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, பவர் சப்ளைகளையும் பேட்டரிகளையும் மணிக்கணக்கில் ஓட்டிச் சோதிக்கும் ஏஜிங் பிரிவு. மின்தடைகளில் மின்சாரத்தை எரித்து வெப்பமாக்கி, அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசியும் போடுவார்கள். ஒரே யூனிட்டுக்கு இரண்டு முறை பணம் கட்டுவதுதான் இது. மின்சாரத்தை மீண்டும் ஆலையின் லைனுக்கே திருப்பும் ரீஜெனரேட்டிவ் லோடுகள் சந்தையில் இருக்கின்றன. அவை பெரும்பகுதியை மீட்டுக்கொடுக்கும். இன்னொன்று, பாகங்களைச் சர்க்யூட் போர்டில் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்பு. பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவையான சால்டரில், வழக்கமான ஈயமில்லா ரகம் 217 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். டின்னும் பிஸ்மத்தும் கலந்த சால்டர் 138 டிகிரியிலேயே உருகும். லெனோவோ 2017இல் தாழ்வெப்பச் சால்டருக்கு மாறத் தொடங்கியபோது, அந்தச் செயல்முறையின் கார்பன் உமிழ்வு 35% வரை குறையும் என்று அறிவித்தது. ஆனால் பிஸ்மத் கலந்த இணைப்பு கொஞ்சம் நொறுங்கும் இயல்புடையது. கையிலிருந்து விழக்கூடிய பொருட்களில் தனியாகச் சோதிக்காமல் மாறக் கூடாது.

மின் பில்லையும் வரி வரியாகப் படியுங்கள். யூனிட் விலை மட்டும் அதில் இருக்காது. ஒரே நேரத்தில் எடுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கான உச்சத் தேவைக் கட்டணம், எடுக்கும் மின்சாரத்தைத் திறமையாகப் பயன்படுத்தாததற்கான பவர் ஃபேக்டர் அபராதம், நேரத்துக்கேற்ற கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்கும். ஷிப்ட் தொடக்கத்தில் அடுப்பு, சில்லர், கம்ப்ரசர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவதைக் கால் மணி நேர இடைவெளிகளில் பிரித்தாலே உச்சத் தேவை இறங்கும். இதனால் கார்பன் குறையாது, பணம் மட்டும்தான் குறையும். அந்தப் பணம் அடுத்த வேலைக்கு முதலாகட்டும்.

எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்கத் துணை மீட்டர்கள் இல்லாத ஆலையில் இவை எல்லாம் ஊகமாகத்தான் நடக்கும். அதனால் முதல் முதலீடு மீட்டருக்குப் போகட்டும். ஐஎஸ்ஓ 50001 ஆற்றல் மேலாண்மைத் தரநிலை 2011இலிருந்து இருக்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்குவதால் எதுவும் மிச்சமாகாது. ஆனால் அளந்து, இலக்கு வைத்து, மீண்டும் அளக்கும் பழக்கத்தை அது உண்டாக்குகிறது.

படி 4: சிப் ஆலையில் வாயுக்களைத் தனியாகக் கேளுங்கள்

மின்சாரத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சிப் ஆலையை விட்டுவிட்டால் கணக்கில் பெரிய ஓட்டை விழும். வேஃபரில் நுண்ணிய வரிகளைச் செதுக்கவும் அறைகளைச் சுத்தம் செய்யவும் ஃபுளோரின் வாயுக்களைப் பயன்படுத்துகிறார்கள். நூறு ஆண்டுக் கணக்கில், நைட்ரஜன் டிரைஃபுளோரைடு கார்பன் டை ஆக்சைடைப் போல 16 ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். சல்பர் ஹெக்சாஃபுளோரைடு 23 ஆயிரம் மடங்குக்கு மேல். கார்பன் டெட்ராஃபுளோரைடு 7 ஆயிரம் மடங்கு அளவில் இருக்கிறது, வளிமண்டலத்தில் அது சிதையாமல் நிற்கும் காலமோ சுமார் 50,000 ஆண்டுகள். பத்துக் கிலோ வெளியேறினால் 70 டன் கணக்கில் ஏறும். இந்த ஒரு வாயுவுக்காகவே சிப் சப்ளையரிடம் தனிக் கூட்டம் போடலாம் என்பது என் கருத்து.

துறை இதை முன்பே உணர்ந்தது. உலக செமிகண்டக்டர் மன்றம் 1999இல், இந்த வகை வாயுக்களின் உமிழ்வை 2010க்குள் 1995ஆம் ஆண்டு அளவை விட 10% குறைக்க உறுதி எடுத்தது. அப்போது கைகொடுத்த மாற்றங்களில் முக்கியமானது, அறையைச் சுத்தம் செய்யும் முறையை மாற்றியது. முன்பு பயன்படுத்திய கார்பன்-ஃபுளோரின் வாயுக்கள் பாதிகூடச் சிதையாமல் வெளியேறக்கூடியவை. அறைக்கு வெளியே பிளாஸ்மா உண்டாக்கி நைட்ரஜன் டிரைஃபுளோரைடைச் செலுத்தும் முறையில் அந்த வாயு ஏறக்குறைய முழுவதும் சிதைந்துவிடும். வெப்பத்தைப் பிடிக்கும் திறன் அதிகமான வாயுவாக இருந்தும் மொத்த உமிழ்வு குறைந்தது இதனால்தான்.

மிச்சமாகும் வாயுவை வெளியே விடுமுன் எரித்தோ பிளாஸ்மாவாலோ சிதைக்கும் கருவிகளை இயந்திரத்தின் பக்கத்திலேயே பொருத்தலாம். சப்ளையரிடம் கேட்க வேண்டியவை இவை:

- எத்தனை சதவீத இயந்திரங்களில் சிதைப்புக் கருவி இருக்கிறது?
- சிதைப்புத் திறன் உண்மையில் அளந்ததா, உற்பத்தியாளர் தாளிலிருந்து எடுத்ததா?
- கருவி பழுதாகி நின்ற நேரங்கள் கணக்கில் சேர்ந்தனவா?
- கார்பன் டெட்ராஃபுளோரைடைத் தனியாகச் சோதித்தார்களா?

கடைசிக் கேள்வி ஏன் என்றால், அதன் மூலக்கூறு மிக உறுதியானது. மற்ற வாயுக்களை எளிதில் சிதைக்கும் கருவி இதைத் தப்பவிட்டுவிடலாம். எரிவாயுவில் ஓடும் சிதைப்புக் கருவியே கொஞ்சம் கார்பனை வெளியிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்காக அதை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது, லாபம் அவ்வளவு பெரிது.

சிப் ஆலையின் மின்சாரமும் சாதாரணமானதல்ல. மிக நுண்ணிய சிப்புகளை வரையும் ஈயூவி இயந்திரம் ஒன்றே ஒரு மெகாவாட் அளவில் மின்சாரம் எடுக்கும். அதனால் அங்கே அடுத்த படி இன்னும் முக்கியமாகிறது.

படி 5: மின்சாரத்தை எப்படி வாங்குகிறார் என்று பாருங்கள்

வீணாவதை நிறுத்திய பிறகு, மிச்சமுள்ள தேவைக்குத் தூய மின்சாரம். வரிசை மாறினால் வீணாகப்போகும் யூனிட்டுக்கும் சேர்த்துச் சூரிய பேனல் வாங்க வேண்டிவரும்.

கூரைச் சூரிய மின்சாரம் நல்ல தொடக்கம். 2010க்கும் 2023க்கும் இடையில் பெரிய சூரிய மின் நிலையங்களின் உற்பத்திச் செலவு உலக அளவில் 90% குறைந்ததாக சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை கணக்கிட்டிருக்கிறது. கூரை அமைப்புகளின் விலையும் கூடவே இறங்கியது. ஆனால் கூரையின் பரப்பு ஆலையின் பசிக்கு ஈடாகாது, அதுவும் மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில். அடுத்த வழி, ஒரு காற்றாலை அல்லது சூரிய மின் நிலையத்தோடு 10, 15 ஆண்டுகளுக்கு நேரடி ஒப்பந்தம். விலை உறுதியாகிவிடுவதால் எரிபொருள் விலை ஏறும் ஆண்டுகளில் சப்ளையருக்கு இது கவசம்.

மூன்றாவது வழி, எங்கோ தூய மின்சாரம் உற்பத்தியானது என்று காட்டும் சான்றிதழை மட்டும் வாங்குவது. இதில்தான் கவனம் வேண்டும். ஸ்கோப் 2 கணக்குக்கு 2015இல் வந்த வழிகாட்டுதல், இரண்டு எண்களைக் காட்டச் சொல்கிறது. ஒன்று இருப்பிடக் கணக்கு, அதாவது அந்த வட்டாரத்து மின்கட்டமைப்பின் சராசரி. மற்றது சந்தைக் கணக்கு, அதாவது ஒப்பந்தமும் சான்றிதழும் சொல்வது. எப்போதோ கட்டி முடித்த நீர்மின் நிலையத்தின் மலிவான சான்றிதழை வாங்கினால் இரண்டாவது எண் பூஜ்யமாகிவிடும், ஆனால் புதிதாக ஒரு காற்றாலையும் எழுந்திருக்காது. அதனால் சப்ளையரிடம் எப்போதும் இரண்டு எண்களையும் வாங்குங்கள். சான்றிதழ் எந்த நிலையத்தினுடையது, அது எந்த ஆண்டு ஓடத் தொடங்கியது, ஆலை இருக்கும் அதே மின்கட்டமைப்பில்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு படி மேலே போய், ஒவ்வொரு மணி நேரத் தேவையையும் அதே மணி நேரத்தில் கிடைக்கும் தூய மின்சாரத்தோடு பொருத்துவதையும் சிலர் முயல்கிறார்கள். கூகுள் 2020இல் தன் செயல்பாடுகளுக்கு 2030க்குள் இதை எட்டுவதாக இலக்கு வைத்தது. எல்லாருக்கும் இன்று முடியாது, ஆனால் இரவு ஷிப்டைச் சூரிய மின்சாரம் நடத்துவதில்லை என்ற உண்மையை இந்த முறை மறைக்காமல் காட்டுகிறது.

சிறு சப்ளையர் தனியாகப் போனால் மின் நிலையக்காரர் பேசக்கூட மாட்டார். அவருடைய தேவை சிறியது, வங்கியின் பார்வையில் அவருடைய கடன் தகுதியும் குறைவு. இங்கே வாங்குபவர் முன்னே நிற்க வேண்டும். ஆப்பிள் 2015இல் சப்ளையர்களுக்கான தூய மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. 2018இல் சீனாவில் பத்துச் சப்ளையர்களோடு சேர்ந்து இதற்கென ஒரு முதலீட்டு நிதியையும் அமைத்தது. 2023இல் ஷ்னைடர் எலக்ட்ரிக்கோடு இன்டெல்லும் அப்ளைடு மெட்டீரியல்ஸும் சேர்ந்து, செமிகண்டக்டர் துறைச் சப்ளையர்கள் கூட்டாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்க கேட்டலைஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. சிப் தயாரிப்பில் முன்னணியில் உள்ள டிஎஸ்எம்சி 2020இல், முழுவதும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாற உறுதி எடுத்த நிறுவனங்களின் ஆர்இ100 அமைப்பில் சேர்ந்தது. 2050 என்று வைத்திருந்த முழுத் தூய மின்சார இலக்கைப் பிறகு 2040க்கு முன்தள்ளியது. இவ்வளவு பெரிய வாங்குபவர் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால், ஒரே வட்டாரத்தில் ஒரே சப்ளையர்களிடம் வாங்கும் போட்டியாளர்களோடு சேருங்கள். மின்சாரம் வாங்குவதில் ஒத்துழைப்பதால் உங்கள் வியாபார ரகசியம் எதுவும் போய்விடாது.

படி 6: வரைபடத்திலேயே குறையுங்கள்

பொருள் எதனால் ஆகிறது என்பது வடிவமைப்பாளரின் மேசையில் முடிவாகிறது. அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாதுவிலிருந்து ஒரு கிலோ எடுக்க மின்பகுப்புக்கு மட்டும் 13 முதல் 15 யூனிட் வரை வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க அதில் ஏறத்தாழ 5% ஆற்றலே போதும். புதிய உலோகம்தான் வேண்டும் என்றாலும், அது நிலக்கரி மின்சாரத்தில் உருகியதா நீர்மின்சாரத்தில் உருகியதா என்பதைப் பொறுத்து உமிழ்வு பல மடங்கு மாறும். ஆகவே வரைபடத்தில் அலுமினியம் என்று மட்டும் எழுதாமல், மறுசுழற்சிப் பங்கையும் ஒரு கிலோவுக்கான உமிழ்வு வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். முழுக் கட்டியைக் கடைந்து உறை செய்வதா, வார்த்துச் செய்வதா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். கடைசலில் விழும் சீவல் எல்லாம் மின்சாரம் குடித்து வந்த உலோகம்.

ஆயுளைக் கூட்டுவதைப் போலப் பலன் தரும் வழி வேறில்லை. மூன்று ஆண்டு ஓடும் பொருளை ஐந்து ஆண்டு ஓடவைத்தால், ஓர் ஆண்டுக்கான தயாரிப்பு உமிழ்வு 40% குறைகிறது. அதற்குப் பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும், உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும், மென்பொருள் அப்டேட் தொடர வேண்டும். 2022இல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3% மட்டும். மறுசுழற்சியை மட்டும் நம்பி வடிவமைக்க முடியாது என்பதை இந்த எண் சொல்லிவிடுகிறது.

படி 7: விமானத்திலிருந்து கப்பலுக்கு

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, விமானம் கன்டெய்னர் கப்பலைப் போலப் பல பத்து மடங்கு உமிழ்கிறது. செலவும் அப்படித்தான். இருந்தும் எலக்ட்ரானிக்ஸ் சரக்கு ஏன் விமானத்தில் ஏறுகிறது? வெளியீட்டு நாள் முன்பே அறிவித்தாகிவிட்டது, வடிவமைப்பு கடைசி வாரம் வரை மாறிக்கொண்டிருந்தது, விற்பனைக் கணிப்பு தப்பியது. மூன்றுமே வாங்குபவரின் அலுவலகத்தில் நடந்தவை.

ஒவ்வொரு விமானச் சரக்குக்கும் ஏன் விமானம் என்று ஒரு வரி எழுதவைத்து, அந்தச் செலவை அதற்குக் காரணமான பிரிவின் கணக்கில் போடுங்கள். இரண்டு மூன்று காலாண்டில் மாற்றம் தெரியும். முதல் சரக்கு மட்டும் விமானத்தில், தொடர் சரக்கு கப்பலில் என்று பிரிப்பதும் நடைமுறைக்கு ஒத்துவரும். கப்பலில் சரக்கு அதிக நாள் இருப்பதால் இருப்பில் முடங்கும் பணத்துக்கு வட்டி ஆகும்தான், ஆனால் பெரும்பாலும் அது விமானக் கட்டணத்தை விடக் குறைவாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியைச் சிறிதாக்குவதும் இதே வேலைதான். 2020இல் ஐஃபோன் 12இன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தபோது, ஒரு பேலட்டில் 70% வரை கூடுதல் பெட்டிகள் அடுக்க முடிந்ததாக ஆப்பிள் சொன்னது. போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிட 2023இல் வந்த ஐஎஸ்ஓ 14083 தரநிலையைப் பின்பற்றும் சரக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் எண்களை ஒப்பிடுவது எளிது.

படி 8: ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

இதுவரை சொன்னவற்றுக்கு உயிர் கொடுப்பது இந்தப் படி. ஒரு சப்ளையர் டிரைவ் பொருத்தவும் சிதைப்புக் கருவி வாங்கவும் முதல் போட வேண்டும். அது மூன்று ஆண்டில் திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆர்டர் ஆறு மாதத்துக்கு மட்டும் என்றால் அவர் எதை நம்பிப் போடுவார்? விலையை ஆண்டுதோறும் குறைக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டே உமிழ்வையும் குறைக்கச் சொல்வது நியாயமில்லை, நடக்கவும் நடக்காது.

ஆர்டர் காலத்தை நீட்டுங்கள். ஆற்றல் சேமிப்பில் கிடைக்கும் லாபம் முதல் போட்டதை எடுக்கும் வரை சப்ளையருக்கே என்று எழுத்தில் உறுதி கொடுங்கள், அதற்குப் பிறகு பங்கு பேசலாம். மின்சாரம் மிச்சமாகிவிட்டதே என்று அடுத்த பேச்சிலேயே விலையை வெட்டினால், அவர் இனி எந்தச் சேமிப்பையும் உங்களிடம் சொல்ல மாட்டார். கடன் பக்கத்திலும் உதவ முடியும். 2019இல் வால்மார்ட்டும் எச்எஸ்பிசி வங்கியும் சேர்ந்து, சுற்றுச்சூழல் இலக்குகளில் முன்னேற்றம் காட்டும் சப்ளையர்களுக்குச் சலுகை விகிதத்தில் நிதி தரும் ஏற்பாட்டைச் செய்தன. முதல் போட முடியாத ஆலைக்கு, சேமிப்பிலிருந்தே தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் சேவை நிறுவனங்களும் உண்டு.

டெண்டர் மதிப்பீட்டில் விலை, தரம், நேரம் இவற்றோடு உமிழ்வுக்கும் ஓர் எடை கொடுங்கள். ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குள் ஒரு நிழல் விலை வைத்து, ஒவ்வொரு சப்ளையரின் விலையோடும் கூட்டிப் பார்ப்பது எளிய வழி. அந்த எண்ணைச் சப்ளையர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எதற்கு மதிப்பெண் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் உழைப்பார்கள்.

படி 9: ஆண்டுக் கணக்கைச் சரிபாருங்கள்

மொத்த உமிழ்வு, ஒரு பாகத்துக்கான உமிழ்வு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உற்பத்தி இறங்கிய ஆண்டில் முதல் எண் தானாகவே குறையும். உற்பத்தி ஏறிய ஆண்டில் இரண்டாவது எண் மட்டும் அழகாகத் தெரியும். குறைந்ததில் எவ்வளவு ஆலைக்குள் செய்த வேலையால், எவ்வளவு மின்கட்டமைப்பே தூய்மையானதால், எவ்வளவு சான்றிதழால் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

சப்ளையர் மாறினாலோ, நீங்கள் செய்துவந்த வேலையை வெளியே கொடுத்தாலோ, ஒப்பிட எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டின் கணக்கையும் அதற்கேற்பத் திருத்துங்கள். சொந்த ஆலையை மூடிவிட்டு அதே பாகத்தை வெளியில் வாங்கினால் ஸ்கோப் 1, 2 குறையும், ஸ்கோப் 3 அதே அளவு ஏறும். துறை சராசரியை வைத்தே கணக்குப் போடுபவருக்கு அந்த ஏற்றம் கண்ணில் படாமலே போகலாம். புதிய சப்ளையரின் முதல் மின் பில் கைக்கு வரும் வரை, மூடிய ஆலையின் பழைய அளவையே அந்தப் பாகத்துக்குப் போட்டு வையுங்கள்.